சண்டை போடாத யூனிட்: கொரியாவில் ரங்கராஜும் 60-ஆவது பாரா ஃபீல்ட் ஆம்புலன்ஸும்

1950 டிசம்பர் முதல் வாரம், கொரியப் போர். வடகொரியத் தலைநகர் பியாங்யாங்கை ஐ.நா. படைகள் காலி செய்துகொண்டிருந்தன. சீனப்படை யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் தெற்கே இறங்கிவிட்டது. சாலை முழுக்க லாரிகள், பீரங்கிகள், மூட்டை முடிச்சோடு அகதிகள். அந்த நெரிசலில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு மருத்துவ யூனிட்டும் மாட்டிக்கொண்டது. கொரிய மண்ணில் கால் வைத்து அவர்களுக்கு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. மாதக்கணக்கில் ஓடக்கூடிய மருந்தும் அறுவைக் கருவிகளும் கையில் இருந்தன. ஏற்றிப்போக வண்டி இல்லை. சாமானைக் கொளுத்திவிட்டு ஆட்களை மட்டும் அழைத்துக்கொண்டு கிளம்புவதுதான் அந்த நேரத்தில் எளிது. அந்த வாரம் பியாங்யாங்கில் பெரிய பெரிய கிடங்குகளே அப்படி எரிந்துகொண்டிருந்தன.

பாராசூட் படையைச் சேர்ந்த 60-ஆவது பாரா ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்ற அந்த யூனிட்டின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் கொளுத்தவில்லை. ஒரு ரயிலைப் பிடித்தார்.

ரங்கராஜ் என்றால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது அவர் பாராசூட்டில் குதித்த கதை. பரபரப்பான கதைதான், கீழே அதையும் பார்ப்போம். ஆனால் சண்டை போடாத ஒரு ராணுவ மருத்துவரின் பணிக்காலத்தை மொத்தமாகத் திரும்பிப் பார்க்கும்போது, அந்தக் குதிப்பைவிட இந்த ரயில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ராணுவ மருத்துவர் எத்தனை பேரை அறுத்துத் தைத்தார் என்பது பாதிக் கணக்குதான். மறுநாள் காலையிலும் அறுத்துத் தைக்க முடிகிற நிலையில் தன் யூனிட்டை வைத்திருந்தாரா என்று பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும்.

யார் இந்த மனிதர்

ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் பிறந்தது 1917-ல். படித்தது சென்னை மருத்துவக் கல்லூரியில். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ராணுவத்தில் சேர்ந்தார். 1941 அக்டோபரில் டெல்லியில் 50-ஆவது இந்திய பாராசூட் பிரிகேடு உருவானபோது, அதன் 152-ஆவது பட்டாலியனுக்கு மருத்துவ அதிகாரியாகப் போனார். இன்றைக்கு சஃப்தர்ஜங் என்று அழைக்கப்படும் அன்றைய வில்லிங்டன் விமானத்தளத்தில்தான் பயிற்சி. இந்தியர்களில் முதலில் பாராசூட்டில் குதித்தவர்கள் என்று படையின் வரலாறு இரண்டு பெயர்களைச் சொல்கிறது. ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங், இன்னொருவர் ரங்கராஜ்.

டாக்டர் ஏன் முதல் ஆளாகக் குதிக்க வேண்டும்? அதில் காரியம் இருக்கிறது. பாராசூட் பட்டாலியனில் மருத்துவருக்கு வரும் முதல் நோயாளி எதிரியால் காயம்பட்டவர் அல்ல, தரை இறங்கும்போது கணுக்கால் மடங்கியவர். எந்த எலும்பு எந்தக் கோணத்தில் முறிகிறது, எவ்வளவு பாரத்தோடு குதிக்கலாம், பயந்தவனை எப்படிக் கண்டுபிடிப்பது, இதெல்லாம் தானே குதித்துப் பார்த்த டாக்டருக்குத்தான் பிடிபடும். அதோடு, டாக்டரே குதித்துவிட்டார் என்றால் சிப்பாய் பின்வாங்க வழியில்லை. இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது, ஆனால் எந்த யூனிட்டிலும் வேலை செய்யும்.

அந்த பிரிகேடு 1944 மார்ச்சில் மணிப்பூர் மலையில் சங்ஷக் என்ற கிராமத்தில் ஜப்பானியர்களிடம் மாட்டிக்கொண்டு சில நாள் சண்டை போட்டது. பாறைத் தரை, ஆழமாகக் குழி வெட்ட முடியாது. முள்கம்பி இல்லை, தண்ணீர் இல்லை. விமானத்தில் போட்ட சாமானில் பெரும்பகுதி எதிரி பக்கம் விழுந்தது. காயம்பட்டவர்களைக் குண்டு படாமல் கிடத்தவே இடம் கிடைக்கவில்லை. வான்வழிப் படையின் மருத்துவத்துக்கு இதைவிடக் கசப்பான பாடம் இருக்க முடியாது: பின்னாலிருந்து வரும் என்று நம்பாதே, உன்னிடம் இருப்பதுதான் இருக்கிறது.

வழக்கமான நாட்கள்

போர்க்காலக் கதைகளைப் படிக்கும்போது ஒன்று மறந்துவிடும். ராணுவ மருத்துவரின் பெரும்பாலான நாட்கள் எம்.ஐ. ரூம் என்ற யூனிட் மருத்துவ அறையில்தான் கழிகின்றன. காலையில் சிக் ரிப்போர்ட், அதாவது உடம்பு சரியில்லை என்று வருகிறவர்களைப் பார்ப்பது. பரேடு பிடிக்காமல் வயிற்றுவலி என்று வந்தவனையும் உண்மையிலேயே குடல்வால் வீங்கி வந்தவனையும் பிரித்தறிய வேண்டும். ஏ.பி.சி. என்ற வலி மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டார் என்ற கேலி அந்தக் காலத்து ராணுவ டாக்டர் ஒவ்வொருவரும் கேட்டதுதான். தலைவலியா ஏ.பி.சி., கால்வலியா ஏ.பி.சி. அப்புறம் ஆண்டுதோறும் உடல் தகுதிப் பரிசோதனை. அதில் வகை குறைந்தால் ஒருவருடைய பதவி உயர்வே நின்றுபோகலாம் என்பதால், எதிரே நிற்கும் மேலதிகாரியின் ரத்த அழுத்தத்தை உள்ளபடி எழுதவும் தைரியம் வேண்டும். இன்னொரு பக்கம் சமையற்கூடம், கழிவறைக் குழி, கொசு, குடிதண்ணீரில் குளோரின். படையில் ஒரு வருடத்தில் படுக்கையில் விழுகிறவர்களில் பெரும்பாலோரை விழத்தட்டுவது நோய்தான், தோட்டா அல்ல. கொரியாவிலும் மருத்துவமனையில் சேர்ந்த அமெரிக்க வீரர்களில் நோயாளிகளின் எண்ணிக்கை காயம்பட்டவர்களைவிடப் பல மடங்கு.

இந்திய ராணுவ மருத்துவப் படையின் குறிக்கோள் வாசகம் ‘சர்வே சந்து நிராமயா’. எல்லாரும் நோயின்றி இருக்கட்டும். காயத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

ஏன் மருத்துவர்களை மட்டும் அனுப்பினார்கள்

1950 ஜூன் 25-ல் வடகொரியா தெற்கே படையெடுத்தது. ஐ.நா. பாதுகாப்பு அவையில் இந்தியா அதைக் கண்டித்து வாக்களித்தது. ஆனால் துப்பாக்கி தூக்கும் படையை அனுப்ப நேரு அரசு ஒப்பவில்லை. சண்டை பரவாமல் பேசி முடிக்க வேண்டும் என்பதில் டெல்லி குறியாக இருந்தது. இரு கொரியாக்களையும் பிரித்த 38-ஆவது அட்சக்கோட்டை அமெரிக்கப் படை தாண்டினால் சீனா சும்மா இருக்காது என்று அக்டோபர் தொடக்கத்தில் ஒரு நள்ளிரவில் சூ என்லாய் அழைத்துச் சொன்னது பெய்ஜிங்கில் இருந்த இந்தியத் தூதர் கே.எம். பணிக்கரிடம்தான். அந்த எச்சரிக்கையை இந்தியா வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் எட்டச் செய்தது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்திய மருத்துவர்கள் பூசான் துறைமுகத்தில் இறங்கியது நவம்பர் 20-ல். சீனாவின் பெருந்தாக்குதல் நவம்பர் 25-ல். தன் அரசு முன்கூட்டியே சொன்ன எச்சரிக்கை பலிப்பதை நேரில் நின்று பார்க்கிற நிலை எத்தனை யூனிட்டுக்கு வாய்க்கும்?

அந்தப் போரில் தென்கொரியாவுக்கு மருத்துவ உதவி மட்டும் அனுப்பிய நாடுகள் ஐந்து: இந்தியா, ஸ்வீடன், டென்மார்க், நார்வே, இத்தாலி. ஸ்வீடன் பூசானில் மருத்துவமனை நடத்தியது. டென்மார்க் ‘யுட்லாண்டியா’ என்ற மருத்துவக் கப்பலை அனுப்பியது. இந்தியா அனுப்பியது சண்டை நடக்கும் இடத்தோடு சேர்ந்து நகரும் ஒரு யூனிட்டை. ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்பது வண்டியல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பட்டாலியன் டாக்டர் முதலுதவி செய்து அனுப்பும் ஆளை வாங்கி, ரத்தம் நிறுத்தி, அதிர்ச்சி தணித்து, தேவைப்பட்டால் அங்கேயே அறுவை செய்து, அடுத்த மருத்துவமனைக்கு ஏற்றிவிடும் நடுக்கட்டம் அது. இதில் ஏறத்தாழ 350 பேர். அறுவை மருத்துவர்கள் ஒரு கை விரலுக்குள் அடக்கம். மற்றவர்கள் ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்கள், நர்சிங் உதவியாளர்கள், ஓட்டுநர்கள், சமையற்காரர்கள், எழுத்தர்கள்.

அரசியல் பார்வையில் இவர்கள் ‘சண்டையிடாதவர்கள்’. ஜெனீவா உடன்படிக்கையும் அப்படித்தான் சொல்கிறது: மருத்துவப் பணியாளரைத் தாக்கக் கூடாது, தன்னையும் நோயாளியையும் காக்க மட்டும் அவர் சிறு ஆயுதம் வைத்துக்கொள்ளலாம். மார்ட்டர் குண்டுக்கு இந்த விதி தெரியாது. கொரியாவில் இந்த யூனிட்டிலும் உயிரிழந்தவர்கள் உண்டு, காயம்பட்டவர்கள் உண்டு.

ரயில்

சரி, பியாங்யாங்குக்கு வருவோம். அங்கே நடந்ததாக யூனிட்டின் வரலாறு சொல்வது இது. ஒரு பழைய நீராவி எஞ்சினையும் சில பெட்டிகளையும் தேடிக் கண்டுபிடித்தார்கள். எஞ்சினைப் பற்றி அறிந்த ஆட்கள் யூனிட்டிலேயே இருந்தார்கள். தண்ணீர் ஏற்ற வசதியில்லை, ஆகவே வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றி பாய்லரை நிரப்பினார்கள். சாமான்கள் ஏறின. ரயில் தெற்கே நகர்ந்தது. ஆற்றுப் பாலம் தகர்க்கப்படுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் தாண்டி சியோல் வந்து சேர்ந்தார்கள்.

இதில் சாகசம் மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும். கருவிகளைக் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவ், அறுவைக் கருவித் தொகுதிகள், மயக்க மருந்து, பிளாஸ்டர், ரத்தம் இழந்தவர்களுக்கு ஏற்றும் பிளாஸ்மா பாட்டில்கள், போர்வைகள், கூடாரம், விளக்கு, அதற்கான ஜெனரேட்டர் என்று நீளும் பட்டியலில் ஏதாவது ஒன்று இல்லாவிட்டாலும் அறுவை நின்றுபோகும். இவையெல்லாம் இல்லாத அறுவை மருத்துவர் நல்ல முதலுதவியாளர், அவ்வளவுதான். அமெரிக்கர்கள் மறுபடி கொடுத்திருக்க மாட்டார்களா என்று கேட்கலாம். கொடுத்திருப்பார்கள், என்றைக்காவது. ஆனால் அந்த டிசம்பரில் முழு எட்டாவது படையும் பின்வாங்கிக்கொண்டிருந்தது, அவர்களுடைய கிடங்குகளே சாம்பலாகிக்கொண்டிருந்தன. வெறுங்கையோடு சியோல் வந்த வெளிநாட்டு யூனிட் எந்த வரிசையில் நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சாமான் இருந்ததால் என்ன ஆயிற்று என்பது உடனே தெரிந்தது. டிசம்பர் நடுவில் 27-ஆவது காமன்வெல்த் பிரிகேடோடு இவர்களைச் சேர்த்தார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்களும், அப்புறம் வந்து சேர்ந்த நியூசிலாந்து பீரங்கியினரும் கனடியரும் கொண்ட படை அது. அதற்குச் சொந்தமாக ஃபீல்ட் ஆம்புலன்ஸ் கிடையாது. வந்த அன்றே வேலை செய்யக்கூடிய ஒரு யூனிட் அவர்களுக்குக் கிடைத்தது. 1951 ஜனவரி 4-ல் சியோல் மறுபடி விழுந்தபோதும், ஏப்ரலில் காப்யோங் பள்ளத்தாக்கில் ஆஸ்திரேலியர்களும் கனடியர்களும் சீனத் தாக்குதலை நிறுத்தியபோதும், இந்த பிரிகேடின் காயம்பட்டவர்கள் வந்து சேர்ந்தது பாராசூட் படையின் மரூன் தொப்பி போட்ட இந்தியர்களிடம்தான்.

குளிரை ஒரு வரியில் கடந்துவிட முடியாது. அந்த முதல் குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி வரை போனது. பிளாஸ்மா பாட்டிலிலேயே உறைந்தது. சோசின் ஏரிப் பக்கம் அமெரிக்க மருத்துவ உதவியாளர்கள் மார்ஃபின் குழல்களை வாயில் அடக்கி வைத்துக்கொண்டு இளக வைத்தார்கள். காயத்தைப் பார்க்க உடையை வெட்டினால் உடம்பு உறையும், வெட்டாவிட்டால் காயம் தெரியாது. கையுறையைக் கழற்றினால் டாக்டரின் விரலே மரத்துப்போகும். வெயில் ஊரில் படித்து வந்த டாக்டர்களுக்கு உறைபனிக் கடியைப் பற்றிக் கல்லூரியில் எவ்வளவு சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? ஈரமான காலுறையை மாற்றச் சொல்லிச் சொல்லியே அந்தப் பாடத்தை நடத்த வேண்டியிருந்தது.

டேகு

யூனிட் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதி ரங்கராஜோடு முன்னணியில் இருந்தது. இன்னொரு பகுதி மேஜர் என்.பி. பானர்ஜியின் கீழ் டேகு நகரத்தில் தங்கியது. டேகு அப்போது அகதிகளால் பிதுங்கியது. தென்கொரிய ராணுவ மருத்துவமனைக்கு உதவி, பொதுமக்களுக்குச் சிகிச்சை, கொரிய மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி என்று அங்கே வேலை ஓடியது.

டேகு பகுதியைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. கொரியாவில் இந்த யூனிட் பார்த்த நோயாளிகள் மொத்தம் 2 லட்சத்துக்கும் மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஒரு பிரிகேடின் காயம்பட்டவர்களை மட்டும் வைத்து அந்த எண்ணுக்கு வரவே முடியாது. கொள்ளையாக வந்தவர்கள் சாதாரண மக்கள்தான். இருமல், சொறி, வயிற்றுப்போக்கு, பிரசவம், கண்ணிவெடியில் காலிழந்த பிள்ளைகள். அந்த வருடம் கொரியாவில் டைஃபஸும் பெரியம்மையும் ஆயிரக்கணக்கானவர்களைத் தாக்கின. அகதி முகாமில் பேன் ஒழிப்பதும் தடுப்பூசி போடுவதும் அறுவை மேசைக்குச் சற்றும் குறையாத உயிர்காக்கும் வேலை. அதைப் படம் எடுக்க யாரும் வருவதில்லை.

கொரியாவுக்காக மகாவீர் சக்கரம் பெற்றவர்கள் இந்த யூனிட்டில் இருவர். ரங்கராஜ் ஒருவர், பானர்ஜி இன்னொருவர். அன்றைக்கு விருதுக்குப் பரிந்துரைத்தவர்களுக்கு இரண்டு வேலையும் சமம் என்று தெரிந்திருக்கிறது. பின்னால் கதை சொன்னவர்களுக்குத்தான் அது மறந்துபோனது.

1951 மார்ச் 23

இப்போது குதிப்பு. சியோலுக்கு வடமேற்கே, இம்ஜின் ஆற்றை ஒட்டி முன்சன்-னி என்ற ஊர். பின்வாங்கும் வடகொரியப் படையின் வழியை மறிக்க அமெரிக்காவின் 187-ஆவது வான்வழிப் படையை அங்கே இறக்கத் திட்டம். பெயர் ஆபரேஷன் டோமாஹாக். டேகுவிலிருந்து விமானங்கள் கிளம்பின. குதித்தவர்கள் சுமார் 3,400 பேர். அவர்களில் 12 பேர் இந்தியர்கள், ரங்கராஜின் அறுவைக் குழு.

அன்றைக்கு எல்லாம் திட்டப்படி நடக்கவில்லை. ஒரு பட்டாலியன் தெற்கே இருந்த இறங்குதளத்தில் குதித்திருக்க வேண்டும். அதன் தளபதியின் விமானம் பழுதாகித் திரும்ப, மற்ற விமானங்கள் தவறுதலாக வடக்கு இறங்குதளத்திலேயே ஆட்களைக் கொட்டிவிட்டன. ஒரே வயலில் எதிர்பார்த்ததைவிட அதிகமானவர்கள், மேலிருந்து தொடர்ந்து விழும் சாமான் மூட்டைகள். வேறு விமானத்தில் வந்த தளபதி தன் சிறு குழுவோடு தெற்கே தனியாக இறங்கினார்.

மருத்துவக் குழுவுக்கு இப்படிப்பட்ட குழப்பத்தில் முதல் வேலை சிகிச்சை அல்ல, சிதறிய தன் மூட்டைகளைத் தேடிச் சேர்ப்பது. கருவி ஒரு பாராசூட்டில், மருந்து இன்னொன்றில், ஆள் மூன்றாவதில் வந்திருப்பார்கள். கருவியும் மருந்தும் ஆளும் ஒன்றுசேர்ந்த பிறகுதான் அறுவை மேசையைப் பற்றியே பேச முடியும்.

அன்று இறங்கும்போதே அடிபட்டவர்கள் எண்பதுக்கு மேல். எதிரியின் தாக்குதலில் அந்த முதல் நாள் வீழ்ந்தவர்கள் அதைவிட வெகு குறைவு. வடகொரியர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே நழுவியிருந்தார்கள். ராணுவக் கணக்கில் டோமாஹாக் வலையை வீசியபோது மீன் போய்விட்டிருந்தது. எலும்பு முறிவு, கணுக்கால், முழங்கால் என்று வந்த அந்த முதல் வரிசை, 1941-ல் வில்லிங்டன் தளத்தில் குதித்துப் பழகிய டாக்டருக்குப் பழகின காட்சிதான். பத்து வருடத்துக்கு முன் கற்றது இங்கே காசானது.

கடினமான கட்டம் அடுத்த நாட்களில் வந்தது. 187-ஆவது படையைக் கிழக்கே திருப்பி, குன்றுகளில் பதுங்கியிருந்த சீனர்களைத் தாக்க அனுப்பினார்கள். மழை, சேறு, பாதையில் வண்டி ஏறாது. இப்போதுதான் தோட்டாவும் ஷெல் சிதறலும் பட்ட ஆட்கள் வந்தார்கள். அந்த நடவடிக்கை முழுவதிலும் இந்தியக் குழு நூற்றுக்கும் மேற்பட்ட அறுவைகள் செய்ததாக இந்திய நூல்கள் குறிப்பிடுகின்றன.

பன்னிரண்டு பேரில் அறுவை செய்யக்கூடியவர் எத்தனை பேர் இருக்க முடியும்? இரண்டு மூன்று. மற்றவர்கள்தான் வந்தவனின் நாடி பார்த்து, இவன் முதலில், இவன் பிறகு, இவனுக்கு மார்ஃபின் மட்டும் என்று பிரித்துப் படுக்க வைத்தார்கள். அந்தப் பிரிப்பு தவறினால் நல்ல அறுவை மருத்துவர் தவறான ஆளுக்கு ஒரு மணி நேரம் செலவழிப்பார், அதற்குள் வாசலில் ஒருவன் ரத்தம் வடிந்து போய்விடுவான். கருவியைக் கொதிக்க வைத்தவர், விளக்கைப் பிடித்தவர், ஜீப்புக்குத் தூக்கிப்போனவர் என்று ஒவ்வொருவர் பங்கும் அந்த நூறில் இருக்கிறது.

எது மாறியது

ராணுவ மருத்துவ வரலாற்றில் கொரியா ஒரு திருப்பம். மருத்துவமனைக்கு உயிரோடு வந்து சேர்ந்த அமெரிக்கக் காயக்காரர்களில் இரண்டாம் உலகப் போரில் சுமார் 4.5 சதவீதம் பேர் இறந்தார்கள். கொரியாவில் அது சுமார் 2.5 ஆகக் குறைந்தது. முன்னணிக்கு அருகிலேயே அறுவை, தாராளமான ரத்தம், பெனிசிலின், ஹெலிகாப்டர். முக்கிய ரத்தக்குழாய் அறுந்தால் அதைக் கட்டிப்போட்டுவிடுவதுதான் முந்தைய போரின் வழக்கம், விளைவாக ஏறத்தாழ பாதிப் பேருக்குக் காலோ கையோ போனது. கொரியாவில் குழாயைத் தைத்து இணைக்கத் தொடங்கியதும் அந்த விகிதம் 13 சதவீதத்துக்கு இறங்கியது.

இந்த முன்னேற்றத்துக்கான பெருமை பெரும்பாலும் முன்னணிக்கு அருகே இயங்கிய, மேஷ் எனப்பட்ட அமெரிக்கர்களின் நகரும் அறுவை மருத்துவமனைகளுக்குப் போகிறது. நியாயம்தான். ஆனால் தைக்கக்கூடிய நிலையில் அந்த ஆளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது யார் என்று கேட்டால், அவர்களுக்கு முன்னால் நின்ற ஃபீல்ட் ஆம்புலன்ஸ்களும் அந்தச் சங்கிலியில் வருகின்றன. ரத்தம் நிற்க இறுக்கிக் கட்டும் டூர்னிக்கேட்டை நான்கு மணி நேரம் அவிழ்க்காமல் வந்தவனுக்கு எந்த நிபுணரும் காலைத் திருப்பித் தர முடியாது.

தெரியாத நோயும் வந்தது. 1951-ல் 38-ஆவது அட்சக்கோட்டுப் பக்கம் இருந்த ஐ.நா. வீரர்களுக்குக் காய்ச்சல், ரத்தக்கசிவு, சிறுநீரகச் செயலிழப்பு என்று ஒரு நோய் கிளம்பி, போர் முடிவதற்குள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. காரணம் வயல் எலிகளிடமிருந்து பரவும் வைரஸ் என்று கொரிய விஞ்ஞானி ஹோ வாங் லீ கண்டுபிடித்தது 1970-களில்தான். அதுவரை மருத்துவர்கள் செய்ய முடிந்தது திரவத்தை அளந்து கொடுப்பதும், சிறுநீரை அளந்து எழுதுவதும், காத்திருப்பதும்தான்.

திரும்பிய பின்

1951 ஜூலையில் காமன்வெல்த் டிவிஷன் உருவானபோது இந்திய யூனிட் அதில் சேர்ந்தது. 1953-ல் சண்டை நின்றதும், போர்க்கைதிகளைப் பொறுப்பேற்க ஜெனரல் திம்மையாவும் மேஜர் ஜெனரல் தோரட்டும் இந்தியப் படையோடு வந்தார்கள். 60-ஆவது பாரா அவர்களுக்கும் மருத்துவம் பார்த்துவிட்டு 1954 பிப்ரவரியில் தாயகம் திரும்பியது. 1955-ல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் யூனிட்டுக்குக் கோப்பை வழங்கினார்.

ரங்கராஜின் கதை அங்கே முடியவில்லை. ராணுவத்தை விட்டபின் உலக சுகாதார நிறுவனத்தின் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தில் ஆப்கானிஸ்தானில் வேலை செய்தார். 1960-களின் கடைசி. சாலை இல்லாத மலைக் கிராமங்கள், பனி விழுந்தால் மாதக்கணக்கில் அடைபடும் பள்ளத்தாக்குகள். அம்மைப் பொருக்கைப் பொடி செய்து கீறி வைக்கும் பழைய முறையைத் தொழிலாகச் செய்துவந்தவர்கள் ஊர் ஊராகச் சுற்றினார்கள். அதுவே புதிய நோய்க்கு விதையானது. பெண்களுக்கு வெளி ஆண் ஊசி போட அனுமதியில்லை என்ற சிக்கல் வேறு. உறைய வைத்து உலர்த்திய மருந்தும் இரு முனை ஊசியும் வந்திருந்ததால் குளிர்பெட்டியும் டாக்டரும் இல்லாமலேயே தடுப்பூசி போட முடிந்தது. மீதி எல்லாமே குழுக்களை அனுப்புவது, வரைபடத்தில் கிராமத்தைக் குறிப்பது, எங்கே புதிதாக அம்மை கிளம்பியது என்று விசாரித்து அதைச் சுற்றி வளைப்பது, குழு நிஜமாகவே போனதா என்று சரிபார்ப்பது. இது பட்டாலியன் மருத்துவரின் வேலைதான், நோயாளிக்குப் பதில் ஒரு நாடு. 1973-க்குப் பிறகு ஆப்கானிஸ்தானில் பெரியம்மை பதிவாகவில்லை. 1980 மே மாதம் உலகத்திலேயே அது இல்லை என்று அறிவித்தார்கள்.

ஊரில் கிளினிக் வைத்திருந்தால் நல்ல பணம் பார்த்திருக்கலாம் என்பது ராணுவ மருத்துவர்களைப் பார்த்து உறவினர்கள் சொல்லும் நிரந்தர வசனம். ஒரு துறையில் ஆழமாகப் போக நேரம் கிடைப்பதில்லை, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு மாற்றல், கூட்டாளிகள் பேராசிரியராகும்போது இவர்கள் கழிவறைக் குழியைச் சோதித்துக்கொண்டிருப்பார்கள். இந்தக் குறையை நான் மறுக்கவில்லை. அறுவைத் திறமையை மட்டும் அளந்தால் ராணுவ வாழ்க்கை பலருக்கு நஷ்டம்தான். ஆனால் ஆப்கானிஸ்தானுக்குத் தேவைப்பட்டது பேராசிரியர் அல்ல. வண்டி வராது, மருந்து தாமதமாகும், பாதி ஆட்கள் படுத்துவிடுவார்கள் என்று எடுத்துக்கொண்டே திட்டம் போடத் தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தார். அந்தப் பழக்கத்தை ஒரு மருத்துவருக்குச் சம்பளமும் கொடுத்துச் சொல்லித்தரும் இடம் ராணுவத்தைத் தவிர அதிகம் இல்லை.

ரங்கராஜ் 2009-ல் காலமானார். 2020 ஜூலையில் தென்கொரிய அரசு அவரை அந்த மாதத்தின் கொரியப் போர் நாயகராக அறிவித்தது. அப்போது வந்த செய்திகளில் முதல் வரி பெரும்பாலும் பாராசூட்தான், ரயிலுக்கு ஒரு பத்தி, டேகுவுக்கு ஒரு வாக்கியம். 60-ஆவது பாராவைப் பற்றி இனி முழுதாக எழுத உட்காருகிறவர் அந்த வரிசையைத் தலைகீழாக வைத்து, பானர்ஜியின் புறநோயாளி வரிசையிலிருந்து ஆரம்பிக்கலாம். அங்கேதான் கூட்டம் அதிகம்.